ஐந்து மைக்ரான் கணக்கை யார் சரிபார்த்திருக்க வேண்டும்? பெருந்தொற்றும் துறைகளின் கூட்டுழைப்பும்

காற்றுவழி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பெருந்தொற்றைப் புரிந்துகொள்ளப் பல துறையினரும் சேர்ந்து உழைக்க வேண்டும் என்பதை இன்று மறுப்பவர் எவருமில்லை. ஆனால் அந்தக் கூட்டுழைப்பு எந்த இடத்தில் நடந்திருக்க வேண்டும், நடக்காததால் எதை இழந்தோம் என்பதை ஒரு குறிப்பிட்ட நிகழ்வை முன்வைத்துப் பேசினால்தான் பயன் உண்டு என்று கருதுகிறேன். கட்டடங்களுக்கான குளிர்சாதன, காற்றோட்ட அமைப்புகளை வடிவமைப்பது என் தொழில் என்பதால், கொரோனா காற்றில் பரவுகிறதா என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

2020 ஜனவரி 24, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள். குவாங்சோ நகரில் ஓர் உணவகத்தின் மூன்றாம் மாடியில் அடுத்தடுத்த மூன்று மேசைகளில் மூன்று குடும்பங்கள் அமர்ந்து சாப்பிட்டன. நடு மேசையில் இருந்தவர்கள் வூகானிலிருந்து வந்தவர்கள். பின்னர் அந்த மூன்று குடும்பங்களிலும் சேர்த்துப் 10 பேருக்குத் தொற்று உறுதியானது. அதே மாடியில் சாப்பிட்ட மற்ற 73 பேருக்கும், பரிமாறிய பணியாளர்கள் 8 பேருக்கும் எதுவும் வரவில்லை.

முதலில் ஆராய்ந்த தொற்றுநோயியலாளர்கள், நோயாளியிடமிருந்து வெளிப்பட்ட நீர்த்திவலைகளை ஏசி காற்று அடுத்த மேசைவரை தள்ளியிருக்கும் என்று விளக்கினார்கள். பிறகு ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் யூகுவோ லி என்ற பொறியியலாளர் குழுவாக அங்கே சென்றார். கண்காணிப்புக் கேமராப் பதிவைப் பார்த்ததில், அந்தக் குடும்பங்களுக்கிடையே நெருங்கிய தொடர்பு ஏதும் நிகழ்ந்ததாகத் தெரியவில்லை. வாடிக்கையாளர் இருந்த இடங்களில் பொம்மைகளை உட்காரவைத்து, தடங்காண் வாயு ஒன்றைச் செலுத்தி, காற்று எங்கே போகிறது என்று அளந்தார்கள். புகைபோக்கி மின்விசிறிகள் மூடப்பட்டிருந்தன. ஓர் ஆளுக்கு நொடிக்கு ஒரு லிட்டர் அளவிற்கே வெளிக்காற்று கிடைத்திருக்கிறது. அந்த மூன்று மேசைகளின் மேல் ஒரே ஏசியின் காற்று திரும்பத் திரும்பச் சுழன்றிருக்கிறது. வாயு எங்கே தேங்கியதோ அங்கே இருந்தவர்களே நோயுற்றிருக்கிறார்கள்.

நோயாளிகளின் பட்டியல் ஒன்றுதான். ஆனால் அந்த அறையில் காற்று எப்படி ஓடும் என்ற கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் வந்த பிறகே விளக்கம் மாறியது. அதே ஆண்டு மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், கோவிட்-19 காற்றுவழிப் பரவும் நோயன்று என்பதை ஐயத்திற்கிடமில்லாத உண்மையாகவே சமூக ஊடகத்தில் அறிவித்தது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் பணியாற்றும் லிடியா மொராவ்ஸ்கா என்ற இயற்பியலாளர் 36 வல்லுநர்களைத் திரட்டி, ஏப்ரல் 3 அன்று அந்நிறுவனத்துடன் இணையவழிக் கூட்டம் நடத்தினார். பலனில்லை. ஜூலையில் 239 அறிவியலாளர்களின் ஆதரவுடன் மருத்துவ ஆய்விதழில் வெளிப்படையாக எழுதிய பிறகே நிலைப்பாடு சற்று நெகிழ்ந்தது. அந்த மாதங்களில் உலகம் முழுவதும் மேசையைத் துடைத்துக்கொண்டும் காய்கறியைக் கழுவிக்கொண்டும் இருந்தோம். ஜன்னலைத் திறக்கச் சொன்னவர் குறைவு.

எல்லாத் துறைகளிலும் அறிவு இருந்தது. இல்லாமல் போனது, ஒரு துறை தன் அடிப்படையாக வைத்திருக்கும் ஓர் எண்ணை இன்னொரு துறைக்காரர் கேள்வி கேட்பதற்கான உரிமை. இங்கே அந்த எண், இதற்கு மேற்பட்ட திவலை காற்றில் மிதக்காது என்று மருத்துவ நூல்கள் சொல்லிவந்த ஐந்து மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இதைப் பற்றி மருத்துவத் துறையினரின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

---

செவ்வந்தி

அரசு மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் பணிபுரிகிறேன். நீங்கள் சொன்ன நிகழ்வுகளில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த விவாதத்தின் மறுபக்கத்தில் இருந்தவர்களின் நிலையையும் பதிவு செய்ய வேண்டும்.

ஒரு நோயைக் காற்றுவழித் தொற்று என்று அறிவித்துவிட்டால், மருத்துவமனை நடைமுறையில் அதற்கென்று விளைவுகள் உண்டு. நோயாளி ஒவ்வொருவருக்கும் எதிரழுத்த அறை (உள்ளே இருக்கும் காற்று வெளியே கசியாத அறை) வேண்டும். அந்த அறைக்குள் நுழையும் ஒவ்வொருவருக்கும் என்-95 முகக்கவசம் வேண்டும். 2020 மார்ச்சில் இவை எந்த நாட்டிலும் போதுமான அளவு இல்லை. கைவசம் இருந்த கவசங்களை, சுவாசக்குழாய் செலுத்துவது போன்ற ஆபத்து மிகுந்த வேலைகளுக்கென்று ஒதுக்கி வைக்கவேண்டிய கட்டாயம் இருந்தது. எங்கள் பிரிவில் ஒரே என்-95ஐக் காகித உறையில் பெயர் எழுதி வைத்து, மறுபடியும் மறுபடியும் அணிந்தோம்.

அடுத்தது சான்று. தட்டம்மை காற்றில் பரவுவது. நோய் எதிர்ப்பு இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து சராசரியாக 12 முதல் 18 பேருக்குப் போகும் என்பது பாடநூல் கணக்கு. கொரோனாவோ தொடக்கத்தில் இரண்டு மூன்று பேருக்கே போனது. ஒரே வீட்டில் இருந்தவர்களில்கூடப் பலருக்கு வரவில்லை. இதைப் பார்த்து, இது தட்டம்மை போன்றதன்று என்று மருத்துவர் முடிவு செய்ததில் அறிவீனம் இல்லை. ஒரு மருந்தையோ நடைமுறையையோ ஏற்பதற்கு முன் நோயாளிகளிடம் கண்ட சான்றைக் கேட்பது நாங்கள் பல உயிர்களை இழந்து கற்றுக்கொண்ட ஒழுங்கு. ஆய்வகத்துப் பொம்மையும் வாயுவும் எங்களுக்கு அந்த வகைச் சான்றாகத் தோன்றவில்லை என்பதே உண்மை.

---

காற்றுவழி

மருத்துவர் அவர்களுக்கு நன்றி. முகக்கவசத் தட்டுப்பாட்டைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் தட்டுப்பாடு காரணமாக எல்லாருக்கும் தர முடியவில்லை என்று சொல்வது வேறு, தேவையே இல்லை என்று சொல்வது வேறு. முதலாவதைச் சொல்லியிருந்தால் மக்கள் குறைந்தபட்சம் கதவையும் ஜன்னலையும் திறந்திருப்பார்கள். அதற்குத் தட்டுப்பாடு இல்லை.

சான்று பற்றி ஒரு கேள்வி. நீர்த்திவலைகள் நேராக முகத்தில் தெறித்துத்தான் கொரோனா பரவுகிறது என்பதற்கு நோயாளிகளிடம் கண்ட நேரடிச் சான்று எவ்வளவு இருந்தது? நெருக்கத்தில் இருப்போருக்கு அதிகம் பரவுகிறது என்பதே பெரும்பாலும் சான்றாகக் கொள்ளப்பட்டது. ஆனால் மூச்சில் வரும் நுண்திவலைகளும் வாய்க்கு அருகில்தான் அடர்த்தியாக இருக்கும். ஆகவே நெருக்கத்தில் பரவுவது இரண்டு விளக்கங்களுக்கும் பொருந்தும். ஒரு விளக்கத்துக்குச் சான்று கேட்காமலும் மற்றொன்றுக்கு மட்டும் கேட்டும் வந்ததைத்தான் குறையாகச் சொல்கிறேன். தவிர, காசநோய் காற்றில்தான் பரவுகிறது. அதுவும் தட்டம்மை வேகத்தில் பரவுவதில்லையே?

2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மவுண்ட் வெர்னன் என்ற ஊரில் ஸ்காஜிட் பள்ளத்தாக்குச் சேர்ந்திசைக் குழு ஒன்று இரண்டரை மணி நேரம் பாடிப் பழகியது. வந்தவர்கள் 61 பேர். வாசலில் கிருமிநாசினி வைத்திருந்தார்கள். கை குலுக்கவில்லை, கட்டியணைக்கவில்லை. அப்போதைய அறிவுரைப்படி கவனமாகவே நடந்துகொண்டார்கள். உறுதியானவர்கள், ஐயத்திற்குரியவர்கள் என்று சேர்த்து 53 பேர் நோயுற்றார்கள்; இருவர் இறந்தார்கள். கையையும் மேசையையும் மட்டும் வைத்து இந்த எண்ணிக்கையை விளக்க முடியாது.

---

ஏட்டுச்சுவடி

நான் வரலாற்றுத் துறையைச் சேர்ந்தவன். இந்த விவாதத்தில் எங்கள் துறைக்கும் ஓர் இடம் உண்டு என்பதால் எழுதுகிறேன். ஐந்து மைக்ரானுக்கு மேற்பட்டவை நீர்த்திவலைகள், அவை ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும். ஐந்துக்குக் கீழ்ப்பட்டவையே காற்றில் மிதக்கும் என்பது மருத்துவ நூல்களிலும் சுகாதார நிறுவனங்களின் வழிகாட்டிகளிலும் பல ஆண்டுகளாக இருந்துவந்த வரையறை. இந்த எண் எங்கிருந்து வந்தது?

வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் பொறியியலாளர் லின்சி மார், தம் துறைக் கணக்குப்படி இது தவறு என்பதைக் கண்டு, அங்கிருந்த வரலாற்றுப் பேராசிரியர் டாம் யூயிங்கையும் கேட்டி ராண்டல் என்ற ஆய்வு மாணவியையும் நாடினார். ராண்டல் பழைய நூல்களையும் அறிக்கைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கித் தேடிச் சென்றார்.

அந்தத் தேடலில் வெளிப்பட்ட கதை இது. 1910இல் சார்ல்ஸ் சேப்பின் என்ற அமெரிக்கப் பொதுச் சுகாதார அதிகாரி, நோய்கள் பெரும்பாலும் தொடுகையாலும் நெருக்கத்தாலுமே பரவுகின்றன என்று வலியுறுத்தினார். கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்ற பழைய நம்பிக்கையை ஒழிக்க அது அவருக்குத் தேவைப்பட்டது. அந்தத் தேவை நியாயமானதே. ஆனால் அதன் பின் காற்றைப் பற்றிப் பேசுபவரை மருத்துவ உலகம் ஐயத்தோடே பார்த்தது. 1930களில் வில்லியம் வெல்ஸ் என்ற பொறியியலாளரும், மருத்துவரான அவர் மனைவி மில்ட்ரெட் வெல்ஸும், 100 மைக்ரானும் அதற்கு மேலும் அளவுள்ள திவலைகளே விரைந்து விழுபவை, அதைவிடச் சிறியவை விழுமுன் உலர்ந்து மிதக்கின்றன என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். பிறகு ரிச்சர்ட் ரைலி என்ற மருத்துவருடன் வெல்ஸ் பால்டிமோரில் ஒரு சோதனையை அமைத்தார். காசநோய்ப் பிரிவின் காற்றைக் குழாய் வழியே மேல்தளத்துக்குக் கொண்டுபோய், அங்கே கூண்டுகளில் இருந்த கினி எலிகளுக்குச் செலுத்தினார்கள். அந்தக் காற்றை மட்டுமே மூச்சில் வாங்கிய எலிகளுக்குக் காசநோய் வந்தது. புற ஊதா ஒளியால் தூய்மை செய்த காற்றைப் பெற்றவற்றுக்கு வரவில்லை.

காசநோய்க் கிருமி நுரையீரலின் அடி ஆழம்வரை போனால்தான் நோயை உண்டாக்கும். அவ்வளவு ஆழம் செல்லக்கூடிய துகள்கள் ஐந்து மைக்ரானுக்கு உட்பட்டவை. ஆக, ஐந்து என்பது நுரையீரலின் உட்புறத்தை எட்டுவதற்கான எல்லை; நூறு என்பது காற்றில் மிதப்பதற்கான எல்லை. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள். எடுத்தெழுதியவர்கள் கையில் அவை ஒன்றாகக் கலந்து, ஐந்து மட்டும் எல்லா நோய்க்கும் பொதுவான விதியாக நின்றுவிட்டது. ஐந்து மைக்ரான் துகள் அசைவற்ற காற்றில் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழ அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதை எந்த இயற்பியல் மாணவரும் கணக்கிட்டுச் சொல்வார். மருத்துவ மாணவரிடம் எவரும் அந்தக் கணக்கைக் கேட்கவில்லை; இயற்பியல் மாணவரிடம் எவரும் அந்த நூலைக் காட்டவில்லை.

இது ஆவணங்களைப் படிப்பவரின் வேலை. மருத்துவரும் பொறியியலாளரும் மட்டும் கூடியிருந்தால், என் எண் சரி, உன் எண் தவறு என்பதோடு வாதம் நின்றிருக்கும். தவறு எந்த இடத்தில் புகுந்தது என்று காட்டியதால்தான் பலர் தங்கள் நிலையை மாற்றிக்கொள்ள முடிந்தது என்று நம்புகிறேன்.

---

எண்கோணம்

புள்ளியியலில் பணிபுரிகிறேன். வெளித்துறையார் உள்ளே வருவது எப்போதும் நன்மையே தரும் என்ற எண்ணம் இந்த இழையில் மேலோங்குவதால் ஒரு மாற்றுக் கருத்து.

2020 அக்டோபரில், இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைத்த வல்லுநர் குழு, தன் கணித மாதிரியைக் கொண்டு, நாடு தொற்றின் உச்சத்தைக் கடந்துவிட்டது, பாதுகாப்பு நடைமுறைகள் தொடர்ந்தால் 2021 பிப்ரவரி வாக்கில் தொற்று மிகக் குறைந்துவிடும் என்று அறிவித்தது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் என்ன நடந்தது என்பதை எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. மூன்று மாறிகளை வைத்து வரைந்த வளைகோட்டில், புதிய உருமாற்றத்துக்கும், எதிர்ப்பாற்றல் நகரத்துக்கு நகரம் வேறுபடுவதற்கும் போதிய இடமில்லை. கணிதம் பிழையின்றி இருந்தும் முன்கணிப்பு பிழைத்தது.

காற்றியலார் 2020இல் சரியாக இருந்தார்கள். மாதிரி வரைந்த பலர் சரியாக இல்லை. இருவருமே வெளியாட்கள்தாம். அவசரக் காலத்தில், ஆயிரம் பேர் கதவைத் தட்டும்போது, இவர்களில் யாருக்குக் கதவைத் திறப்பது என்று ஒரு சுகாதார அதிகாரி எதை வைத்து முடிவெடுப்பார்? பின்னாலிருந்து பார்த்துச் சொல்வது எளிது.

---

நெய்தல்நிலம்

எண்கோணம் எழுப்பிய கேள்வி மிக முக்கியமானது. மானுடவியல் படித்தவள் என்ற முறையில் அதற்கு என்னால் இயன்ற விடையை, வேறொரு கொள்ளைநோயின் வழியே சொல்கிறேன்.

2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா. 2016இல் அது அடங்குவதற்குள் மூன்று நாடுகளில் 28,000 பேருக்கு மேல் நோயுற்று, 11,000 பேருக்கு மேல் இறந்தார்கள். எபோலாவில் இறந்தவரின் உடலில் வைரஸ் மிகுந்திருக்கும். உடலைக் குளிப்பாட்டி அடக்கம் செய்யும் வழக்கம் வழியே நோய் பரவியது. இதில் நுண்ணுயிரியலாளர் சொன்னது முற்றிலும் சரி. உடலைத் தொடாதீர்கள், பையில் வைத்து நாங்கள் புதைக்கிறோம் என்றார்கள். மக்கள் இறந்தவரை மறைத்தார்கள், வண்டிகள் மேல் கல்லெறிந்தார்கள், பாலங்களை உடைத்துக் கிராமங்களுக்குள் எவரும் வரமுடியாமல் செய்தார்கள். லைபீரியாவின் மன்ரோவியாவில் உடல்களைக் கட்டாயமாக எரிக்கத் தொடங்கியதும், நோயாளிகளைச் சிகிச்சை மையத்துக்கு அனுப்பவே குடும்பங்கள் அஞ்சின.

கினி நாட்டின் காட்டுப் பகுதியில் கிஸ்ஸி இன மக்களின் கிராமம் ஒன்றில் ஒரு கர்ப்பிணி இறந்தார். கருவைச் சுமந்த உடலை அப்படியே புதைப்பது அம்மக்களின் முறைப்படி பெருங்குற்றம். அது உலகத்தின் ஒழுங்கையே குலைக்கும். கருவை வெளியே எடுத்தாக வேண்டும் என்றார்கள். அந்த உடலில் அறுவை செய்வது மருத்துவக் குழுவினரின் உயிருக்கே ஆபத்து, அவர்கள் மறுத்தார்கள். இரு தரப்புமே தத்தம் நியாயத்தில் நின்றன. உலக சுகாதார நிறுவனத்துக்காக அங்கே பணியாற்றிய ஜூலியன் அனோக்கோ என்ற மானுடவியலாளர், சடங்கு அறிந்த பெரியவர் ஒருவரைத் தேடிச் சென்று, இப்படி முறை தவற நேர்ந்தால் உங்களிடம் பரிகாரம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றார் அவர். ஆடு, வெள்ளைத் துணி, உப்பு, எண்ணெய், அரிசி ஆகியவை வேண்டும் என்றார். நிறுவனம் அவற்றை வாங்கிக் கொடுத்தது. சடங்கு நடந்தது, உடல் அறுக்கப்படாமல், பாதுகாப்பாக அடக்கம் செய்யப்பட்டது. 2014 நவம்பரில் அந்நிறுவனம் பாதுகாப்பும் மரியாதையும் கூடிய அடக்கம் என்ற நெறிமுறையை வெளியிட்டது.

அனோக்கோ அறிவுரையோடு வரவில்லை, கேள்வியோடு வந்தார். யூகுவோ லியும் அந்த உணவகத்துக்குக் கருவிகளோடு போய் அளந்தார். எண்கோணம் சொல்லும் கணித மாதிரிகள் பலவும், களத்திலிருந்து எதையும் திரும்பக் கேட்டுச் சரிபார்க்காமல் அறிவிக்கப்பட்டவை. கதவைத் தட்டுபவரிடம் ஓர் அதிகாரி கேட்கக்கூடியது இது: உங்கள் கணக்கு தவறென்றால் எந்த இடத்தில் அது வெளிப்படும், அங்கே எங்கள் ஆளோடு சேர்ந்து வந்து பார்ப்பீர்களா? இதற்கு இசைபவரை உள்ளே விடலாம்.

இன்னொன்றும் உண்டு. காற்றுவழி அவர்களே, ஜன்னலைத் திறக்கத் தட்டுப்பாடு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒரே அறை, ஒரே கதவு, ஜன்னலே இல்லை; இருந்தாலும் திறந்தால் சாக்கடை நாற்றமும் கொசுவும் என்ற நிலையில் நம் நகரங்களில் வாழ்பவர் எத்தனை பேர்! காற்றோட்டம் உங்களுக்குப் பொறியியல். அந்த வீட்டில் இருப்பவருக்கு அது வாடகைக் கணக்கு.

---

செவ்வந்தி

இந்த இரண்டு நாள்களில் படித்தவை என்னை நிறைய யோசிக்க வைத்தன. நெய்தல்நிலம் சொன்ன அந்த ஒற்றை அறை வீட்டை வைத்தே, நம் சென்னையில் நடந்த ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன்.

காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்து, நல்ல உணவும் ஓய்வும் நல்ல காற்றும் தந்தால்தான் குணமாவார் என்பது 1950கள் வரை மருத்துவ உலகின் உறுதியான நம்பிக்கை. 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நான்கும் சேர்ந்து நடத்தின. ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை அவரவர் நெருக்கடியான வீட்டிலுமே வைத்து, ஓராண்டு ஒரே மருந்துகளைத் தந்தார்கள். செவிலியர் வீடு வீடாகப் போனார்கள். மருந்தை உண்மையில் விழுங்குகிறார்களா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். உடன் வாழ்பவர்களுக்குத் தொற்றுகிறதா என்று தொடர்ந்து கவனித்தார்கள். 1959இல் வெளியான முடிவு உலகத்தைத் திருப்பியது. வீட்டில் இருந்தவர்கள் குறைவாக உண்டு, அதிகமாக உழைத்தும், ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தார்கள். வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்தும் தென்படவில்லை. புள்ளியியலார் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தார், நுண்ணுயிரியலார் சளிச் சோதனையை. வீட்டுக்குள் நடப்பதைச் செவிலியரே அறிந்திருந்தார். இவர்களில் ஒருவர் இல்லையென்றாலும் அந்த முடிவை எவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அதே நிறுவனத்தின் இயக்குநராக இருந்து, பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை அறிவியலாளராகப் பொறுப்பு வகித்த மருத்துவர் சௌமியா சுவாமிநாதன், 2022 நவம்பரில் பதவியிலிருந்து விலகும் வேளையில், காற்றுவழிப் பரவலை நிறுவனம் இன்னும் முன்னதாகவே, கையிலிருந்த சான்றுகளைக் கொண்டே ஏற்றிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதை நான் பெரிதும் மதிக்கிறேன். காற்றுவழி கேட்ட காசநோய்க் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை. மெதுவாகப் பரவுவதும் காற்றில் பரவுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதை ஏற்கிறேன். ஆனால் எங்களுக்குச் சான்றின் மேல் இருக்கும் பிடிவாதம் தேவையற்றது என்பதை ஏற்க மாட்டேன். அந்தப் பிடிவாதம்தான் 1956இல் குலுக்கல் முறையைக் கேட்டது.

---

காற்றுவழி

அந்தப் பிடிவாதம் வேண்டும். நாங்களும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒற்றை அறை வீடு பற்றி நெய்தல்நிலம் எழுதியதையும் மனத்தில் வைக்கிறேன். 2021 மே மாதம் இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் வெளியிட்ட அறிவுரையில், நுண்திவலைகள் 10 மீட்டர்வரை செல்லக்கூடும் என்பதோடு, குடிசை வீட்டில் மின்விசிறியை எங்கே வைத்தால் காற்று எந்தப் பக்கம் போகும் என்று படம் வரைந்து காட்டியிருந்தார்கள். பொறியியலும் வாழ்விடமும் சேர்ந்து வந்த அரிய அரசு ஆவணம் அது. இரண்டாம் அலையின் உச்சம் கடக்கும் வேளையில் வந்தது என்பதே வருத்தம்.

2023இல் அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே, தொற்றும் நுண்திவலைகளைக் கட்டுப்படுத்துவதற்கென்றே தனித் தரநிலை வெளியிட்டது. 2024 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் பல துறையினருடன் கலந்து, ஐந்து மைக்ரான் எல்லையைக் கைவிட்டு, மூச்சில் வெளிப்படும் எல்லா அளவுத் துகள்களையும் ஒரே தொடர்ச்சியாகக் கொள்ளும் அறிக்கையை வெளியிட்டது.

---

வகுப்பறை7ஆ

அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. அமைதியாகப் படித்துவந்தேன். ஏழாம் வகுப்பில் 45 பிள்ளைகள். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல். மழைக்காலத்தில் அதையும் சாத்திவிடுவோம், வாரத்துக்கு ஐந்தாறு பேர் காய்ச்சலென்று வருவதில்லை. கார்பன் டை ஆக்சைடு அளக்கும் சிறு கருவி எங்கள் அறிவியல் மன்றத்தில் உள்ளது. அதை வைத்து நாங்கள் பயனுள்ளதாக ஏதாவது செய்ய முடியுமா?

---

காற்றுவழி

நிச்சயமாக முடியும் அம்மா. வெளிக்காற்றில் அந்த வாயு ஏறத்தாழ 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) இருக்கும். அறையில் அதற்கு மேல் ஏறுவதெல்லாம் பிள்ளைகள் வெளிவிட்ட மூச்சு. முதலில் வெளியே வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எந்தப் பிள்ளையின் முகத்துக்கும் நேராக இல்லாமல், அறையின் நடுவில், மேசை உயரத்தில் வைத்து, மணி அடித்ததும் ஒரு முறை, பாடவேளை முடியும்போது ஒரு முறை குறியுங்கள். ஜன்னல் சாத்திய நாள், திறந்த நாள், கதவும் ஜன்னலும் திறந்த நாள் என்று தனித்தனியாக எழுதுங்கள். 2,000ஐத் தாண்டினால், கதவுக்கு மேலுள்ள வெண்டிலேட்டரில் வெளியேற்றும் மின்விசிறி ஒன்று பொருத்துவது பற்றித் தலைமையாசிரியரிடம் பேச அந்த எண்ணே போதும்.

---

எண்கோணம்

அதே தாளில் அன்றன்று வராத பிள்ளைகளின் எண்ணிக்கையையும், காரணம் தெரிந்தால் காரணத்தையும் எழுதுங்கள், பெயர் வேண்டாம். பக்கத்து வகுப்பில் எதையும் மாற்றாமல் இதே அளவுகளை எடுக்க ஓர் ஆசிரியர் இசைந்தால் இன்னும் நல்லது. பருவம் முடிந்ததும் இங்கே பதியுங்கள். மருத்துவரும் நானும் சேர்ந்து பார்க்கிறோம்.